முதல்முறை பழநிக்கு நடப்பவர்களுக்கு: காலில் ரத்தக் கொப்புளம் வந்தால்

போன தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழநிக்கு நடந்தேன். அதுதான் முதல்முறை. ஏறக்குறைய 120 கி.மீ., ஐந்து நாள் கணக்கு. மூன்றாம் நாள் திண்டுக்கல் தாண்டியதும் வலது குதிகாலில் சுருக் சுருக்கென்று குத்தியது. ரெட்டியார்சத்திரத்தில் உட்கார்ந்து பார்த்தால் புளியங்கொட்டை அளவில், கருஞ்சிவப்பாக ஒரு கொப்புளம். கூட வந்த அண்ணன் ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து ஊக்கை எடுத்துக் கொடுத்து, “குத்தி ரத்தத்த வெளிய விட்ருங்க, நடந்துரலாம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். குத்தினேன். மஞ்சள்தூள் வைத்துத் துணி கட்டினேன். மலையும் ஏறி இறங்கினேன்.

வீடு திரும்பிய இரண்டாம் நாள் கால் வீங்கியது. தொடை இடுக்கில் நெறி கட்டியது, காய்ச்சலும் வந்தது. அதற்கப்புறம் 23 நாள் செருப்புப் போட முடியவில்லை. ஒன்பது நாள் சம்பளம் போனது. மருந்து, ரத்தப் பரிசோதனை, தினசரி கட்டு மாற்றியது எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். ஊக்கால் குத்தாமல் இருந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்று மருத்துவர் சொன்னபோது, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. அதனால் நான் சொல்கிறேன்.

1. முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் தோலில் மேல் அடுக்கு, உள் அடுக்கு என்று இரண்டு உண்டு. ஒரே இடம் திரும்பத் திரும்ப உரசும்போது மேல் அடுக்குக்குள்ளேயே பிளவு விழுந்து, நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். அது நீர்க்கொப்புளம். உரசலோடு அழுத்தமும் சேர்ந்து உள் அடுக்கில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் கிழிந்தால் அந்த நீரோடு ரத்தம் கலந்துவிடும். அதுதான் ரத்தக் கொப்புளம். முதலில் நல்ல சிவப்பாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் ஊதா, அப்புறம் கறுப்பு. கறுத்துப் போவதைப் பார்த்து அழுகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ரத்தம் உறைந்து காய்ந்தால் அந்த நிறம்தான் வரும்.

உள்ளே இருப்பது ‘கெட்ட ரத்தம்’ இல்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் வழியில் பத்துப் பேராவது “கெட்ட ரத்தம், வெளியே விடு” என்று சொல்வார்கள். அதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். மேலே மூடியிருக்கும் அந்த மெல்லிய தோல்தான் நீங்கள் எந்த மருந்துக்கடையிலும் வாங்க முடியாத கட்டு. கிருமி உள்ளே போகாமல் காப்பதும் அதுதான், கீழே புதுத்தோல் வளரும்வரை வலிக்காமல் காப்பதும் அதுதான்.

வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உள்ளங்கால் தோல் தடிப்பாகக் காய்ப்பு ஏறியிருந்தால் கொப்புளம் அதற்கடியில் ஆழமாக வரும். வெளியே உப்பித் தெரியாது, கரும்புள்ளி போல மட்டும் தெரியும். வலி இருந்தும் கொப்புளம் காணோமே என்று விட்டுவிடாதீர்கள்.

2. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே

மாலை போடும் நாளிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். நான் செய்த முதல் தவறு இதுதான். விரதம் ஒழுங்காக இருந்தேன், ஆனால் காலுக்குப் பழக்கமே கொடுக்கவில்லை. தினம் மூன்று கி.மீ. என்று தொடங்கி, கடைசி வாரத்தில் ஒருநாளாவது 15 கி.மீ. நடந்து பாருங்கள். செருப்போடு நடப்பதாக இருந்தால் எந்தச் செருப்போ அதைப் போட்டே பழகுங்கள். யாத்திரைக்கென்று புதுச்செருப்பு வாங்கிக் கிளம்புவது கொப்புளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. வெறுங்கால் வேண்டுதல் என்றால் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது போதாது, தார் ரோட்டில் நடந்து பழக வேண்டும்.

கால் நகங்களைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். கிளம்பும் அன்று வெட்டினால் ஒட்ட வெட்டிய இடம் வழியெல்லாம் வலிக்கும். மெட்டி போட்டிருக்கும் பெண்கள் அது விரலில் எளிதாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். இறுக்கமான மெட்டிக்கடியில் முதலில் உரசல், அப்புறம் கொப்புளம், கடைசியில் மெட்டியைக் கழற்றவே முடியாத நிலை. எங்கள் குழுவில் ஓர் அக்காவுக்கு இப்படி ஆகி, கம்பி வெட்டும் குறடு தேடி அலைந்தோம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த ஒரு மாதத்துக்குள் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்ததே தெரியாது, உடைந்ததும் தெரியாது. எங்களோடு வந்த ஒரு பெரியவருக்கு உள்ளங்காலில் ரூபாய் நாணயம் அகலத்துக்கு உரிந்திருந்தது. வேட்டியில் கறை பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அத்தகையவர்கள் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பாதத்தை வேறொருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது.

3. பையில் என்ன, எவ்வளவு

கிருமி நீக்கிய காஸ் துணி பத்து பாக்கெட், ஓர் அங்குல மைக்ரோபோர் பிளாஸ்திரி இரண்டு சுருள், சின்ன டப்பா வாஸ்லின், ஒரு சோப்புத் துண்டு, பாரசிட்டமால் 500 மி.கி. ஓர் அட்டை, சின்னக் கத்தரிக்கோல், அரை அங்குலத் தடிப்பில் ஒரு பஞ்சுப் பட்டை. எங்கள் தெரு மருந்துக்கடையில் எல்லாம் சேர்த்து 310 ரூபாய் ஆனது. இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். ஊக்கு வேட்டிக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

இத்துடன் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். ஆதார் நகல், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், சர்க்கரை இருந்தால் கடைசிப் பரிசோதனை முடிவு, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதி. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. மருத்துவமனையில் முதல் கேள்வியே அதுதான்.

4. சுருக்கென்றால் அங்கேயே உட்காருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. அதற்குக் கால் மணி, அரை மணி முன்பே அந்த இடம் சூடாகும், சிவக்கும், எரியும். “அடுத்த மண்டகப்படியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நடந்தேன் பாருங்கள், அந்த நாலு கி.மீ.தான் சிவப்பைக் கொப்புளமாக்கியது. குழு முன்னே போனால் போகட்டும். தைப்பூச நேரத்தில் அந்தச் சாலையில் நீங்கள் தனியாக விடப்பட வாய்ப்பே இல்லை, விடிய விடிய ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

உட்கார்ந்து காலைத் துடைத்து உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் உரசல் கூடும். சிவந்த இடத்தின் மேல் மைக்ரோபோரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் அதுவே உரசத் தொடங்கிவிடும். விரல்களுக்கு இடையே வாஸ்லின் தடவுங்கள். செருப்பின் வார்தான் காரணம் என்றால் வாரைத் தளர்த்துங்கள். பத்து நிமிட வேலை இது.

நடையை விடிகாலை மூன்றிலிருந்து ஒன்பது வரைக்கும், மாலை ஐந்துக்கு மேலும் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை குறையும். தை மாதம்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். மதியத் தார் ரோடு வெறுங்காலுக்குத் தாங்காது.

5. கொப்புளம் வந்தே விட்டால்

குத்தாதீர்கள். கிள்ளாதீர்கள். நூல் கோத்த ஊசியை உள்ளே விட்டு நூலை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு, அதையும் செய்யாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே கிருமிக்கு நீங்களே பாதை போட்டுக் கொடுப்பது அது. ஊக்கை நெருப்பில் காட்டினால் சுத்தமாகிவிடும் என்பார்கள். ஊக்கு சுத்தமானாலும் நாள் முழுக்கப் புழுதியில் நடந்த கால் சுத்தமாகாது.

சோப்பு போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள், நேராகத் தோலில் வைக்க வேண்டாம். ஐஸ் இல்லையென்றால் பானைத் தண்ணீரில் நனைத்த துணி. காலைப் பையின் மேல் தூக்கி வைத்துப் படுங்கள்.

மறுநாளும் நடந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பஞ்சுப் பட்டை. கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டையாக நடுவில் வெட்டி, வடை மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். கொப்புளம் ஓட்டைக்குள் உட்கார வேண்டும். எடை சுற்றிலும் இருக்கும் பட்டை மேல் விழும், கொப்புளத்தின் மேல் விழாது. மேலே காஸ் வைத்து மைக்ரோபோர் ஒட்டுங்கள். இது எனக்கு மருத்துவமனையில் ஒரு செவிலியர் அக்கா சொல்லித் தந்தது. முன்பே தெரிந்திருந்தால் ஒட்டன்சத்திரம் வரை அந்த வேதனை இருந்திருக்காது.

பெரிய கொப்புளமாகி, தோல் விண்ணென்று இழுத்துப் பிடித்து, காலை ஊன்றவே முடியவில்லை என்றால் நீரை எடுக்க வேண்டி வரலாம். அதை மருத்துவமனையிலோ வழியில் இருக்கும் மருத்துவ முகாமிலோ, கிருமி நீக்கிய ஊசியால் அவர்கள் செய்யட்டும். அப்போதும் மேல்தோலை வெட்டச் சொல்லாதீர்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தக் கசிவைக் கூட்டும். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவர்களுக்குக் கொப்புளம் பெரிதாக வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

6. தானாக உடைந்துவிட்டால்

பதற வேண்டாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிப் புண்ணைக் கழுவுங்கள். தொங்கும் தோலைப் பிய்க்காமல் அப்படியே புண்ணின் மேல் படிய விடுங்கள். அதன்மேல் வாஸ்லின் தடவிய காஸ். வாஸ்லின் இல்லாமல் வெறும் காஸ் வைத்தால் மறுநாள் எடுக்கும்போது புதுத்தோலும் சேர்ந்து வரும். தினம் ஒருமுறை மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், பற்பசை, திருநீறு எதையும் புண்ணுக்குள் வைக்க வேண்டாம். திருநீறு நெற்றியில் இருக்கட்டும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோல் வெந்துவிடும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் தோலையே கெடுக்கும். புண் பவுடர் கசிவோடு சேர்ந்து கட்டிதட்டிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

டெட்டனஸ் ஊசி பற்றி ஒரு குழப்பம் உண்டு. கொப்புளம் உடையாமல் இருந்தால் ஊசி தேவையில்லை. உடைந்து மண் பட்டிருந்தால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

7. இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது

கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, சீழ், நாற்றம், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஏறுவது, நெறி கட்டுவது, காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதிவையுங்கள். இரண்டு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் மருத்துவருக்கு அதுவே பெரிய தகவல். சர்க்கரை உள்ளவர்கள் இந்த அறிகுறிகளுக்காகவும் காத்திருக்க வேண்டாம், உடைந்த கொப்புளம் என்றாலே காட்டிவிடுங்கள். பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாத வலி, சுற்றிலும் தோல் கறுத்துப் போவது என்றால் மணிக்கணக்குகூடத் தள்ளக் கூடாது.

இன்னும் இரண்டு முக்கியம். இருட்டில் நடக்கிறோம். கால் சட்டென்று வீங்கி, கூடவே ரத்தக் கொப்புளமும் வந்தால் நடையால் வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தாலும் ரத்தக் கொப்புளம் வரும். கீறாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், எதுவுமே உரசாத இடத்தில், முக்கியமாக வாய்க்குள் ரத்தக் கொப்புளங்கள் தோன்றி, தோலில் சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். டெங்குவிலும் இப்படி ஆகும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

8. மருத்துவமனையும் காகிதமும்

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு காலையில் வாங்குவது நல்லது. மதியத்துக்கு மேல் போனால் அவசரப் பிரிவுக்கு அனுப்புவார்கள், அங்கே உங்களைவிட மோசமானவர்கள் இருப்பார்கள், நேரம் ஆகும். பணம் கிடையாது. நான் பயத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ஒவ்வொரு முறை கட்டு மாற்றவும் 150 ரூபாய், அது 12 முறை. அதே கட்டை வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாற்றியிருக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

விடுப்புக்கு: மருத்துவச் சான்றிதழை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நான் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். பார்த்த தேதியிலிருந்துதான் தருவோம், முன்தேதி போட முடியாது என்றார்கள், அது நியாயம்தான். வேலைக்குத் திரும்பும்போது தகுதிச் சான்றிதழ் வேண்டுமா என்றும் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படுபவர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். நோய் விடுப்புக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். எனக்கு அந்தப் பிடித்தம் இல்லை. இருந்தும் கேட்காமல் விட்டவர்களைத் தெரியும்.

மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தரும். ஆனாலும் பில்களை எறியாதீர்கள். நிலைமை மோசமாகிச் சேர்க்க வேண்டி வந்தால், சேர்வதற்கு முன் ஆன செலவையும் கேட்க அவை உதவலாம்.

9. நகம் கறுத்துப் போனால்

கல்லில் இடித்தோ, மூடிய ஷூ முனையில் முட்டி முட்டியோ கட்டைவிரல் நகத்துக்கடியில் ரத்தம் கட்டும். வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். விண்விண்ணென்று தெறித்தால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் போங்கள். நகத்தில் சின்ன ஓட்டை போட்டு ரத்தத்தை வெளியேற்றிவிடுவார், வலி உடனே அடங்கும். நாள் தள்ளினால் ரத்தம் உறைந்துவிடும், அப்புறம் ஓட்டை போட்டும் பலன் இல்லை. வீட்டில் கம்பியைக் காய்ச்சிச் செய்து பார்க்காதீர்கள். விரல் நசுங்கியிருந்தால் எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே தேவைப்படும். நகம் விழுந்தால் கால்நகம் முழுதாக வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். அடிபடாமலே நகத்துக்கடியில் கறுப்புக் கோடு இருந்தால், அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டியது.

10. எத்தனை நாள் ஆகும்

உடையாத கொப்புளம் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் சுருங்கிக் காய்ந்துவிடும். கறுத்த பொருக்கு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதை உரிக்கக் கை பரபரக்கும். குளிக்கும்போது தானாக விழட்டும். கீழே வரும் தோல் இளஞ்சிவப்பாக, தொட்டால் கூசும்படி இருக்கும். அது பழைய நிறத்துக்கு வரும்வரை நீண்ட நடை வேண்டாம். முதல் வாரம் பழைய தளர்வான செருப்போடு தெருமுனை வரை, அடுத்த வாரம் ஒரு கி.மீ.

வழியிலேயே காயம் பட்டு, வெறுங்கால் வேண்டுதலைத் தொடர முடியவில்லை என்றால் குருசாமியிடம் சொல்லிச் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கவே முடியவில்லை என்றால் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநி 30 கி.மீ.தான், பேருந்து அடிக்கடி உண்டு. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். எங்கள் குழுவில் அந்த உரிந்த பாதத்தோடு இருந்த பெரியவரை அப்படித்தான் பேருந்தில் ஏற்றினோம். நாங்கள் போய்ச் சேரும் முன்பே அவர் தரிசனம் முடித்து, அடிவாரத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்.